தந்தை அமைத்த ஆடுகளம்

தமிழ்நாட்டு மட்டைப்பந்து வரலாற்றில் ஒரு தந்தையின் பெயருக்கும் அவர் மகன்களின் பெயர்களுக்கும் முன்னே ‘ஏ. ஜி.’ என்னும் இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. ‘ஏ’ என்பது அமிர்தசரஸ் என்னும் ஊரையும், ‘ஜி’ என்பது கோவிந்த்சிங் என்னும் முன்னோரின் பெயரையும் குறிக்கும். ஊர்ப்பெயரையும் முன்னோர் பெயரையும் தலைப்பெழுத்தாகக் கொள்வது தென்னாட்டு வழக்கம். பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பம் ஒன்று அவ்வழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது. அக்குடும்பத்தின் தலைவர் ஏ. ஜி. ராம்சிங். தனக்குக் கிடைக்காத பெருமையைத் தன் மக்களுக்குக் கிடைக்கச் செய்தவர் என்பதே அவர் வாழ்வின் சிறப்பு.

ஒரு நாளில் முடிந்த ஆட்டம்

ராம்சிங் 1910ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். இடக்கையால் பந்தைச் சுழற்றி வீசுவதிலும் இடக்கை மட்டையாளராக ஆடுவதிலும் வல்லவராக வளர்ந்தார். இந்தியாவின் முதன்மையான உள்நாட்டுப் போட்டியான ரஞ்சிக் கோப்பை 1934ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, அதன் முதல் ஆட்டத்திலேயே அவர் ஆற்றல் வெளிப்பட்டது.

அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. கோப்பை வரலாற்றின் முதல் பந்தைச் சென்னையின் எம். ஜே. கோபாலன் வீசினார். அதன்பின் ஆட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர் ராம்சிங். முதல் இன்னிங்சில் 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளையும், இரண்டாம் இன்னிங்சில் 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் அவர் வீழ்த்தினார். மைசூர் அணி 48, 59 என்னும் ஓட்டங்களில் சுருண்டது. ஒரே இன்னிங்சில் 130 ஓட்டங்கள் எடுத்த சென்னை அணி இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. பல நாள் நீடிக்க வேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது.

திறக்காத கதவு

இத்தகைய திறமையாளர் இந்திய அணிக்காக ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடவில்லை என்பது இன்று படிப்போருக்கு வியப்பளிக்கலாம். அதற்கான காரணத்தின் பெரும்பகுதி அக்காலச் சூழலில் உள்ளது. 1932ஆம் ஆண்டு டெஸ்ட் அரங்கில் நுழைந்த இந்தியா, 1936 வரை ஏழு டெஸ்டுகளில் மட்டுமே ஆடியது. அதன்பின் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1936க்கும் 1946க்கும் இடையே இந்தியா ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூடப் பங்கேற்கவில்லை. ராம்சிங்கின் இருபத்தாறாம் வயது முதல் முப்பத்தாறாம் வயது வரையிலான ஆண்டுகள் அவை. விளையாட்டு வீரர் ஒருவரின் உடலும் அனுபவமும் ஒருங்கே உச்சத்தில் நிற்கும் பருவம். அயல்நாட்டு அணிகளுக்கு எதிரான அதிகாரப்பூர்வமற்ற ஆட்டங்களில் அவர் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அவை டெஸ்ட் கணக்கில் சேரவில்லை.

கதவு திறக்கவில்லை என்பதற்காக அவர் களத்தை விட்டு விலகவில்லை. சென்னை அணிக்குத் தொடர்ந்து ஆடினார். முதல்தர ஆட்டங்களில் 250க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளையும் 3000க்கும் மேற்பட்ட ஓட்டங்களையும் குவித்தார். பின்னர்ப் பயிற்சியாளராகி, தான் கற்றதை இளைஞர்களுக்கு வழங்கினார். அவர்தம் மாணவர்களில் முதன்மையானோர் அவர் வீட்டிலேயே வளர்ந்தனர்.

மகன்கள் எய்திய உயரம்

மூத்தவரான கிருபாள் சிங் 1933ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை அடித்தளமிட்ட சென்னை அணி, போட்டி தொடங்கி இருபது ஆண்டுகள் கழிந்தும் ரஞ்சிக் கோப்பையை வென்றிருக்கவில்லை. 1955ஆம் ஆண்டு இந்தூரில் ஹோல்கர் அணிக்கு எதிராக நடந்த இறுதியாட்டத்தில் அக்குறை தீர்ந்தது. கிருபாள் சிங் 75, 91 என ஓட்டங்களைக் குவித்ததோடு ஏழு விக்கெட்டுகளையும் கைப்பற்றினார். சென்னை முதன்முறையாகக் கோப்பையை வென்றது.

அதே ஆண்டு நவம்பரில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகக் கிருபாள் தம் முதல் டெஸ்டில் ஆடினார், ஆட்டமிழக்காமல் சதமடித்தார். தந்தைக்குத் திறக்காத கதவு மகனுக்குத் திறந்தது. 1960ஆம் ஆண்டு சென்னையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம்பி மில்கா சிங்கும் இந்திய அணியில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. 1961ஆம் ஆண்டு பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் ஆடினர். மற்றொரு மகனான சத்வேந்தர் சிங்கும் முதல்தர ஆட்டக்காரராகத் திகழ்ந்தார்.

இழப்பும் தொடர்ச்சியும்

பெற்றோர் இருக்கப் பிள்ளை மறைவது வாழ்வின் பெருந்துயரம். ராம்சிங்கின் முதுமையில் அத்துயரம் நேர்ந்தது. 1987ஆம் ஆண்டு, தம் 53ஆம் வயதில் கிருபாள் சிங் காலமானார். அப்போது ராம்சிங் எழுபத்தேழு வயதை எட்டியிருந்தார்.

ஆயினும் அக்குடும்பத்தில் மட்டை ஓயவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள், 1989ஆம் ஆண்டு கோவாவுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் கிருபாளின் மகன் அர்ஜன் கிருபாள் சிங் ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்கள் எடுத்தார். அதே இன்னிங்சில் டபிள்யூ. வி. ராமன் 313 ஓட்டங்கள் எடுத்திருந்தார். ஒரே இன்னிங்சில் இருவர் முந்நூறைக் கடந்தது முதல்தர மட்டைப்பந்தில் அதுவே முதன்முறை. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் பாட்டனார் வெற்றி தேடித்தந்த அதே அணிக்காக, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பேரன் சாதனை படைத்தார்.

ராம்சிங் 1999ஆம் ஆண்டு சென்னையில் மறைந்தார். தந்தை மகனுக்கு ஆற்ற வேண்டிய கடமையை வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் வகுத்துரைத்தார். அக்கடமையை ஆடுகளத்தில் நிறைவேற்றியவர் ராம்சிங். டெஸ்ட் வீரர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் அப்பட்டியலில் ‘ஏ. ஜி.’ என்னும் தலைப்பெழுத்துகளுடன் இரண்டு பெயர்கள் உள்ளன. அவ்விருவரின் கையிலும் முதன்முதலில் மட்டையைக் கொடுத்த வீடு அவருடையது.