கரையில் எழுந்த புயல்

கடல் வாணிகத்தின் இடர்களாகப் புயலையும் பாறையையும் சொல்வது மரபு. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் தோன்றிய வ.உ. சிதம்பரம் பிள்ளையின் கப்பல்களுக்கோ இடர் கரையிலிருந்தே வந்தது. தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி ஆங்கிலக் கம்பெனியின் பிடியிலிருந்த நாளில், 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கொன்று 25 ரூபாய். மறு ஆண்டில் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்று, முடிவில் இலவசமாகவும் ஆளேற்ற முன்வந்தது. 1908இல் அரசநிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. தண்டனை பெற்ற அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912இன் இறுதியில் விடுதலையானபோது கம்பெனியும் இல்லை. வழக்கறிஞர் உரிமையும் இல்லை.

எஞ்சி நின்றது தமிழ் ஒன்றே. சிறையிலிருந்தபடியே ஜேம்ஸ் ஆலன் நூலைத் தமிழாக்கியவர், தம் வரலாற்றை அகவற்பாவில் வடித்தார். உரிமை மீண்டபின், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கேயுள்ள கோவில்பட்டியில் வழக்காடினார். வறுமைக்கிடையிலும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் அவர் மறைந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். தமிழுக்கு மிஞ்சியவை அந்நூல்கள்.