டாக்டர் ஜான் ஸ்நோ: எழுதிய நூலும் எய்திய புகழும்

கல்விமான் ஒருவருடைய பெருமையை அளந்தறிய இக்காலத்தார் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். அவர் எத்தனை நூல்களும் கட்டுரைகளும் வெளியிட்டார், அவற்றைப் பிற ஆசிரியர்கள் எத்தனை முறை தம் எழுத்துக்களில் எடுத்தாண்டனர் என்று எண்ணிப் பார்த்து, அத்தொகைக்கேற்ப உத்தியோகமும் வரிசையும் வழங்குகின்றனர். இவ்வளவுகோல் அடியோடு பயனற்றதென்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும், அதனை மட்டுமே நம்பியிருப்பின் எத்தகைய மாணிக்கத்தைக் கூழாங்கல்லென்று ஒதுக்கியிருப்போம் என்பதற்குச் சான்றாக, பொதுஜன சுகாதார ஆராய்ச்சியின் மூலபுருஷருள் ஒருவராகப் போற்றப்படும் டாக்டர் ஜான் ஸ்நோ அவர்களின் சரித்திரத்தை இம்மாதம் நம் அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

இப்பெரியார் இங்கிலாந்து தேசத்து யார்க் நகரில் 1813-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 15-ஆந் தேதி பிறந்தார். தந்தையார் கூலி வேலை செய்து ஜீவித்தவர். ஒன்பது மக்களுள் மூத்தவர் ஜான். வறுமை சூழ்ந்த அக்குடும்பத்தில் பெற்றோர் மகனுடைய படிப்பை மட்டும் கைவிட்டாரில்லை. பதினான்காம் பிராயத்தில், நியூகாஸில் நகரத்து ஹார்ட்காஸில் என்னும் வைத்தியரிடம் அவர் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். 1831, 1832-ஆம் வருஷங்களில் வாந்திபேதி முதன்முறையாக அந்நாட்டிற் புகுந்தபோது, கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்குச் சிகிச்சை செய்ய அனுப்பப்பட்டவர் பதினெட்டு வயது நிரம்பிய இவ்விளைஞரே. சுரங்கத்தினுள்ளே கை கழுவ நீரின்றி, அசுத்தத்தின் நடுவே ஜனங்கள் உணவு உண்டதை அவர் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சில் நெடுங்காலம் தங்கிற்று.

1836-ஆம் வருஷம் லண்டன் மாநகரை அடைந்து, 1838-இல் சத்திர வைத்தியக் கல்லூரியின் அங்கத்தினராகி, 1844-இல் லண்டன் சர்வகலாசாலையின் எம்.டி. பட்டமும் பெற்றார். மாமிசமும் மதுவும் தவிர்த்து, விவாகம் செய்துகொள்ளாது, தொழிலே தவமாக வாழ்ந்தவர். ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து நோவின்றி ரண சிகிச்சை செய்யும் முறை இங்கிலாந்துக்கு வந்த சில மாதங்களிலேயே, 1847-இல், அதுபற்றி நூல் எழுதி வெளியிட்டார். விக்டோரியா மகாராணியாரின் பிரசவத்தின்போது 1853-லும் 1857-லும் குளோரபாரம் கொடுத்தவர் இவரே. அக்காலத்து லண்டன் அவரை அறிந்தது பெரும்பாலும் மயக்க மருந்து வல்லுநராகத்தான். ஆனால் எண்ணிறந்த உயிர்களைக் காக்கவல்ல அவருடைய வேறொரு நூலை அப்பட்டணம் பொருட்படுத்தவில்லை.

வாந்திபேதி எதனால் பரவுகின்றது? அழுகிய பொருள்களிலிருந்து எழும் விஷக்காற்றே காரணமென்பது அந்நாளில் வைத்தியரிற் பெரும்பாலாரும் அரசாங்கத்தாரும் கொண்ட முடிபு. ஸ்நோவோ ஆவிகளின் இயல்பை நுணுகி ஆராய்ந்தவர். ஆவி தூரம் செல்லச் செல்லக் கலைந்து வலிமை குன்றுவதை அறிந்தவருக்கு அக்கொள்கை பொருந்தவில்லை. மேலும், இந்நோய் முதலில் பற்றுவது குடலையே; ஆதலின் அதன் விஷம் மூச்சு வழியாகவன்றி வாய் வழியாகவே புகுதல் வேண்டும், நோயாளியின் மலம் கலந்த நீரே அதற்கு வாகனம் என்று அவர் ஊகித்தார். இக்கருத்தை விளக்கி 1849-இல் 31 பக்கமுள்ள சிறு புத்தகமொன்று வெளியிட்டார். படித்தோர் சிலர், ஏற்றோர் அவரினும் சிலர். கருத்து நன்றாயினும் நிரூபணம் போதாதென்று கூறப்பட்டது. அவர் சினங்கொள்ளவில்லை, நிரூபணத்தைத் தேடப் புறப்பட்டார்.

1854-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், லண்டனில் ஸோஹோ என்னும் பகுதியைச் சார்ந்த பிராட் தெருவில் கொள்ளைநோய் இடிபோல் விழுந்தது. பத்து நாட்களுக்குள் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஓடினர். ஸ்நோ அத்தெருவுக்குள்ளே நுழைந்தார். பதிவாளர் அலுவலகத்தில் 83 மரணங்களின் ஜாபிதாவைப் பெற்று, அவ்வீடுகளைப்பற்றி விசாரித்தார். 73 பேர் பிராட் தெருக் குழாய்க் கிணற்றுக்கு அருகே வசித்தவர். அவருள் 61 பேர் அந்நீரைப் பருகியவரெனத் தெரியவந்தது. அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் இறந்தவர் ஐவரே. அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அத்தெருவிலேயே இருந்த மதுவடிசாலையின் வேலையாட்களுள் ஒருவரும் மாளவில்லை. அவர்கள் அக்குழாய் நீரை நாடியதில்லை. தூரத்து ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை மாத்திரம் இறந்தார். விசாரித்தபோது, பிராட் தெரு நீரின் ருசியை விரும்பி, அதனை நாடோறும் வண்டியில் வரவழைத்துப் பருகியவர் அவ்வம்மையார் என்பது தெரிந்தது.

செப்டம்பர் 7-ஆந் தேதி மாலையில் ஊர்ச் சபையார் முன்பு ஸ்நோ இவற்றை எடுத்துரைத்தார். மறுநாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அக்கணமே நோய் நின்றதாகப் பலர் சொல்வதுண்டு. உண்மை அதுவன்று. ஜனங்கள் ஓடிப்போனமையால் அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. இதனைத் தம் புத்தகத்தில் மறையாது எழுதியவர் ஸ்நோ அவர்களே. தமக்கு வரக்கூடிய பெருமையைத் தாமே குறைத்து, உள்ளதை உள்ளவாறு உரைத்த இந்நேர்மையை நாம் அவருடைய ஆராய்ச்சித் திறனினும் மேலாக மதிக்கின்றோம்.

அவ்வருஷமே தென் லண்டனில் அவர் மற்றொரு பெருங் காரியத்தை மேற்கொண்டார். அங்கே இரு கம்பெனியார் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கி வந்தனர். லாம்பெத் கம்பெனியார் 1852-இல் தேம்ஸ் நதியின் மேற்பகுதியில், பட்டணத்துச் சாக்கடை கலவாத இடத்துக்குத் தம் நீரெடுக்கும் துறையை மாற்றிவிட்டனர். ஸதர்க்-வாக்ஸால் கம்பெனியாரோ பட்டணத்துக் கழிவு கலந்த பகுதியிலேயே நீர் எடுத்தனர். காற்று ஒன்று, தெரு ஒன்று, வாழ்க்கை நிலையும் ஒன்று. நீர் மாத்திரம் வேறு. இறந்தோருடைய வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் நீர் வந்ததென்று ஸ்நோ வீடுவீடாகச் சென்று வினவினார். விடை தெரியாத வீடுகளில் நீரைச் சிறு புட்டியிற் பெற்றுச் சோதித்தார். ஒரு கம்பெனியின் நீரில் உப்பு மற்றதினும் ஏறக்குறைய 40 மடங்கு மிகுதியாதலின் பேதம் எளிதிற் புலப்பட்டது. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரக் கணக்கு இது: ஸதர்க்-வாக்ஸால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் மாண்டோர் 1,263 பேர், லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 பேர். பதினாயிரம் வீட்டுக்கு முன்னதில் 315, பின்னதில் 37. எட்டு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம்!

இவையனைத்தையும் தொகுத்து, தேசப்படமும் சேர்த்து, 1855-இல் அந்நூலின் இரண்டாம் பதிப்பைப் பெரிதாக வெளியிட்டார். இதற்காகத் தம் கைப்பொருள் 200 பவுனுக்கு மேற் செலவிட்டும், திரும்பி வந்தது அத்தனை ஷில்லிங்குகூட இல்லையென்று அவருடைய நண்பர் ரிச்சர்ட்ஸன் குறித்துள்ளார். உழவன் கணக்குப் பார்த்த கதைதான்! அரசாங்கச் சுகாதார சபையின் விசாரணைக் குழுவினர் அவருடைய முடிபை ஒப்பவில்லை. லான்ஸெட் என்னும் பெயர்பெற்ற வைத்தியப் பத்திரிகை அவ்வருஷம் அவரைக் கடுமையாகக் கண்டித்தது. மறு வருஷம் அரசாங்க வைத்திய அதிகாரியான ஜான் ஸைமன் அதே இரு கம்பெனிகளின் கணக்கை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டபோதும், முன்னே வழி காட்டியவருக்குரிய புகழ் உரியபடி அளிக்கப்படவில்லை.

1858-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், குளோரபாரம் பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருக்கையில் பாரிசவாயு தாக்க, 16-ஆந் தேதி, தம் 45-ஆம் வயதில் ஸ்நோ இவ்வுலகை நீத்தார். லான்ஸெட் பத்திரிகை இரண்டொரு வரிகளில் அவர் மரணத்தை அறிவித்தது. அதில் குளோரபாரம் இருந்தது, வாந்திபேதி இல்லை.

அந்நூல் கவனிக்கப்படாமையால் யாருக்கு நஷ்டம் என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும். 1866-இல் லண்டனில் வாந்திபேதி மறுபடி தோன்றி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவருட் பெரும்பாலோர் கீழ்ப்பகுதியில் ஒரே கம்பெனியின் நீரை நம்பி வாழ்ந்த ஏழைகள். முன்னர்க் காற்றையும் நிலத்தின் உயரத்தையுமே பெரிதாகக் கருதிய புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார், அப்போது நீரே காரணமென்று தெளிந்தார். அத்தெளிவைத் தரும் நூலோ பதினோராண்டுகளாக அச்சிற் கிடந்தது. 1884-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் நமது தேசத்துக் கல்கத்தாவில் ஆராய்ந்து, அந்நோயின் கிருமியை நிலைநாட்டினார். ஸைமன் 1890-இல் எழுதிய நூலில் ஸ்நோவின் கொள்கையை மனமாரப் புகழ்ந்தார். அமெரிக்க தேசத்துப் பேராசிரியர் பிராஸ்ட் முன்னுரை எழுத, 1936-இல் ஸ்நோவின் நூல் மறுபதிப்பாயிற்று. அதன் பின்னரே உலகெங்கும் சுகாதாரம் பயில்வோர்க்கு அது பாடமாகி, எண்ணற்ற ஆசிரியர்களால் எடுத்தாளப்படலாயிற்று. லான்ஸெட் பத்திரிகையும் 2013-இல், அதாவது 155 ஆண்டுகள் கழித்து, அவருக்கு நிறைவான இரங்கலுரை வெளியிட்டுத் தன் குறையைத் திருத்திக்கொண்டது.

பிறர் எடுத்தாளும் தொகை ஆசிரியரின் தகுதியை எவ்வளவு காட்டுகின்றதோ, அவ்வளவுக்குப் படிப்போரின் கவனத்தையும் காட்டுகின்றது. 1855-இல் குறைந்திருந்தது ஸ்நோவின் தகுதியன்று, படிப்போரின் பொறுமையே. நம் இளைஞர்களுட் பலர் இன்று சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி செய்கின்றனர். தம் எழுத்தை ஒருவரும் எடுத்தாளவில்லையென்று அவர்கள் மனந் தளர வேண்டுவதில்லை. கணக்கு உண்மையாகவும், உரை நேர்மையாகவும் இருக்கின்றனவா என்பதையே பார்ப்பாராக. பெற்றோர்களும், கூலியாளின் மகனொருவன் ஓர் உலகத்துக்கு நல்ல நீரின் அருமையைக் கற்பித்ததை நினைந்து, வறுமையைக் காரணங் காட்டிப் பிள்ளைகளின் கல்வியை நிறுத்தாதிருப்பாராக. எளியவர் ஒருவர் ஆதாரத்தோடு ஒன்றைச் சொல்லுங்கால், அவருக்குப் பேர் உண்டா என்று கேளாமல், அவர் சொல்வது மெய்யா என்று கேட்கும் வழக்கம் நம் சபைகளிலும் இல்லங்களிலும் வளர வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.