பாட்டைக் கேட்கமுதல் ஆளைக் கேட்டவர்கள்: கிராம் பார்சன்ஸின் 26 வருடங்கள்

1968 மார்ச் 15. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ரைமன் அரங்கில் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' நடந்துகொண்டிருந்தது. கன்ட்ரி இசைக்காரருக்கு அந்த மேடை கோயில் மாதிரி. அங்கு பாடுவது வானொலியில் நேரடியாகப் போகும். அன்று மேடையேறியவர்கள் 'த பேர்ட்ஸ்' என்ற றொக் குழுவினர். ஆட்களைக் கண்டதுமே சபையில் கேலிச் சத்தம் எழுந்தது. நடுவில் நின்ற 21 வயது இளைஞர், அறிவித்திருந்த பாட்டைக் கைவிட்டார். தானும் ஒரு நண்பரும் எழுதிய 'ஹிக்கறி விண்ட்' பாட்டைத் தன் பாட்டிக்காகப் பாடப்போவதாகச் சொல்லிப் பாடினார். நிகழ்ச்சிக்காரர்களுக்குக் கடும் கோபம்.

அந்த இளைஞர்தான் கிராம் பார்சன்ஸ். கன்ட்ரியையும் றொக்கையும் ஒன்றாக்கியவர் என்று இன்று சொல்லப்படுகிறவர். ஜிம் ரீவ்ஸின் பாட்டுகளை வானொலியில் கேட்டு வளர்ந்த எங்கள் மூத்த தலைமுறைக்குக் கன்ட்ரி புதிதல்ல. பார்சன்ஸின் பெயர்தான் இங்கு அதிகம் வந்து சேரவில்லை.

1946 நவம்பர் 5 ஆம் திகதி புளோரிடாவில் பிறந்து, ஜோர்ஜியா மாநிலத்தின் வேய்குரொஸ் என்ற சிறு நகரத்தில் வளர்ந்தார். தாயின் குடும்பம் தோடம்பழத் தோட்டங்களால் பெரும் செல்வம் சேர்த்தது. தந்தை ஒரு போர் விமானி. 1941 இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது அங்கிருந்தவர், பசிபிக் போரில் பறந்தவர். போர் முடிந்து 13 வருடங்களின் பின், 1958 நத்தாருக்கு இரண்டு நாட்கள் முன்னர், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். போர்தான் காரணமா, குடியா, குடும்பமா என்று எவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. போரிலிருந்து உடம்போடு திரும்பி, ஆனால் முழுதாகத் திரும்பாத மனிதர்களை எங்களுக்கும் தெரியும். மகனுக்கு அப்போது 12 வயது.

தாய் மறுமணம் செய்தார். பார்சன்ஸ் என்பது வளர்ப்புத் தந்தையின் பெயர். 1965 ஜூனில், மகன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டமளிப்புக்கு நின்ற அன்றே, குடியால் நோயுற்றிருந்த தாயும் இறந்தார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கப் போனவர் ஒரு வருடம்கூட நிலைக்காமல் பாட்டுக்குத் திரும்பினார்.

1968 தொடக்கத்தில் பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்ததும், குழுவைக் கன்ட்ரியின் பக்கம் திருப்பினார். அப்படி உருவானதுதான் 11 பாட்டுகள் கொண்ட 'ஸ்வீட்ஹார்ட் ஒஃப் த ரோடியோ' இசைத்தட்டு. அதில் ஸ்டீல் கிட்டார் பல இடங்களில் ஒலிக்கும். தந்திகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் வாத்தியம் அது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைந்து போகும். நாதஸ்வரக் கமகத்துக்குப் பழகிய காதுக்கு அது அந்நியமாகப் படாது.

இசைத்தட்டு வெளிவர முன்னரே சிக்கல் வந்தது. முன்பு ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனத்துடனான பிரச்சினையால், அவர் பாடிய சில பாட்டுகளில் குரல் நீக்கப்பட்டு, குழுத் தலைவர் ரோஜர் மக்வினின் குரல் சேர்க்கப்பட்டது. ஜூலையில் குழு தென்னாபிரிக்காவுக்குப் புறப்பட்டபோது, நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டில் பாட மாட்டேன் என்று இலண்டனிலேயே விலகினார். ரோலிங் ஸ்டோன்ஸ் நண்பர்களுடன் தங்கிவிடவே அப்படிச் சொன்னார் என்று குழுவிலிருந்த கிறிஸ் ஹில்மன் கருதினார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். போன குழு, வெள்ளையர் கறுப்பர் என்று பிரிக்கப்பட்ட சபைகளுக்குப் பாட நேர்ந்தது.

ஓகஸ்ட் 30 இல் இசைத்தட்டு வந்தது. அமெரிக்க விற்பனை வரிசையில் 77 ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அது வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடம், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட வருடம். போரை எதிர்த்த இளைஞர் பலருக்குக் கன்ட்ரி என்றால் போரை ஆதரிக்கும் ஆட்களின் இசை. கன்ட்ரி இரசிகர் பலருக்கோ நீள முடிக்காரர் தேசத்தை மதிக்காதவர்கள். பாட்டைக் கேட்கமுதல், பாடுகிறவன் யாருடைய ஆள் என்று இரு பக்கமும் கேட்டது.

இந்தக் கேள்வி எங்களுக்கும் பழக்கமானது. 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு, யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். எந்த வானொலி, யாருடைய பாட்டு, எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டிய காரியங்கள். பின்னர் இராணுவம் வந்தபோது கசெற்றுகளை எரித்த வீடுகள் உண்டு, மண்ணுக்குள் புதைத்த வீடுகளும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு பாட்டு பிடிக்கும் என்று சொல்வதே ஒரு வாக்குமூலமாக இருந்தது.

பேர்ட்ஸை விட்ட பின் பார்சன்ஸ் தொடங்கிய 'பிளையிங் புரிற்றோ பிரதர்ஸ்' குழுவின் முதல் இசைத்தட்டு 164 ஆம் இடத்தோடு நின்றது. போதையும் குடியும் அவரைத் தின்னத் தொடங்கின. எமிலூ ஹரிஸ் என்ற அதிகம் அறியப்படாத பாடகியுடன் இரண்டு இசைத்தட்டுகள் பாடினார். இரண்டாவது வெளிவரும்போது அவர் இல்லை. 1973 செப்டெம்பர் 19 அன்று, கலிபோர்னியாவின் ஜோசுவா ட்ரீ பாலைவனத்தருகே ஒரு விடுதியில், போதைப்பொருளாலும் மதுவாலும் இறந்தார். வயது 26.

உடலை லூசியானாவில் அடக்கம் செய்ய வளர்ப்புத் தந்தை ஏற்பாடு செய்தார். பாலைவனத்தில் எரிக்கவேண்டும் என்று பார்சன்ஸ் கேட்டிருந்ததாகச் சொன்ன நண்பர் பில் கோஃப்மன், இன்னொருவருடன் சேர்ந்து விமான நிலையத்திலிருந்து சவப்பெட்டியைக் கடத்திச் சென்று தீ வைத்தார். எஞ்சியதைக் குடும்பம் லூசியானாவில் புதைத்தது. இந்தக் கதையைப் பலர் சிரித்துச் சொல்வார்கள். எரிக்கவோ புதைக்கவோ உடல் கிடைக்காத வீடுகள் உள்ள ஊரிலிருந்து எழுதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேட்பவர்களின் தீர்ப்பு மெல்ல மாறியது. எமிலூ ஹரிஸ் 1979 இல் 'ஹிக்கறி விண்ட்' பாட்டைத் தன் குரலில் பதிவு செய்தார். நீக்கப்பட்ட பார்சன்ஸின் குரல்கள் 1990 இல் வெளியாகின. 2003 இல் 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகை, எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த இசைத்தட்டுகளில் 'ஸ்வீட்ஹார்ட்'டுக்கு 117 ஆம் இடம் கொடுத்தது. மக்வினின் கன்ட்ரி உச்சரிப்பு போலி என்பவர்கள் இன்றும் உண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளை ஏழைகளின் பாட்டைப் பாடினார் என்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. 'ஹிக்கறி விண்ட்' நினைக்கிற தென் கரோலினாகூட அவர் வளர்ந்த ஊர் அல்ல.

ஆனால் சின்ன வயது மரங்களையும் அவற்றினூடே வந்த காற்றையும் தூரத்து நகரத்திலிருந்து நினைக்கிற பாட்டு அது. 1995 ஒக்ரோபர் 30 இரவு நல்லூரை விட்டு நடந்தவர்கள் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹிக்கறி மரம் எப்படியிருக்கும் என்று தெரியவேண்டியதில்லை. வேம்பும் பனையும் தெரிந்தால் போதும்.