ஸ்டுவர்ட் சட்கிளிஃப்

ஸ்டுவர்ட் சட்கிளிஃப் (ஜூன் 23, 1940 - ஏப்ரல் 10, 1962) ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவியரும், பீட்டில்ஸ் இசைக்குழுவின் தொடக்ககால பேஸ் கிட்டார் கலைஞரும் ஆவார். குழு உலகப்புகழ் பெறும் முன்னரே அதிலிருந்து விலகி, 21வது அகவையில் இறந்தார். குழுவில் அவர் இருந்தது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளே. எனினும் அக்காலத்து ஒளிப்படங்களையும் பொருட்களையும் தேடிச் சேர்ப்போரால் அவர் பெயர் இன்றளவும் பேசப்படுகிறது. அவர் தம் வாழ்வின் பணியாகக் கருதியதோ ஓவியத்தையே.

இளமை

எடின்பரோவில் பிறந்த இவர் லிவர்பூல் பகுதியில் வளர்ந்தார். லிவர்பூல் கலைக்கல்லூரியில் பயின்றபோது ஜான் லெனன் இவருக்கு நெருங்கிய நண்பரானார். 1959ஆம் ஆண்டின் இறுதியில் வாக்கர் ஓவியக்கூடத்தில் தொடங்கிய ஜான் மூர்ஸ் கண்காட்சியில் இவரது ஓவியம் ஒன்று இடம்பெற்று, 65 பவுண்டுக்கு விலைபோனது. ஒரு மாணவருக்கு இது பெருந்தொகை. லெனனின் வற்புறுத்தலால் சட்கிளிஃப் அப்பணத்தைக் கொண்டு ஹோஃப்னர் நிறுவனத்தின் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கிக் குழுவில் சேர்ந்தார். அதற்குமுன் அவருக்கு அக்கருவியை வாசித்துப் பழக்கமில்லை. வண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து குழுவின் பெயர் உருவானதில் இவருக்கும் பங்குண்டு.

ஹாம்பர்க்

1960 ஆகஸ்டில் குழு செருமனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்று, இந்திரா, கைசர்கெல்லர் ஆகிய இரவு விடுதிகளில் நாள்தோறும் பல மணிநேரம் வாசித்தது. அங்கு கிளாஸ் வூர்மன், யூர்கன் வோல்மர், ஆஸ்ட்ரிட் கிர்ச்சர் ஆகிய மூன்று இளங்கலைஞர்கள் இவர்களுக்கு நண்பர்களாயினர். ஒளிப்பட உதவியாளராகப் பணிபுரிந்த கிர்ச்சர், நகரின் பொருட்காட்சித் திடலில் வண்டிகளுக்கும் இராட்டின எந்திரங்களுக்கும் இடையே ஐவரையும் நிறுத்திக் கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். குழுவின் தொடக்ககாலத் தோற்றத்தை உலகம் அறிவது பெரும்பாலும் இப்படங்கள் வழியாகவே. அவ்வாண்டு நவம்பரில் சட்கிளிஃபுக்கும் கிர்ச்சருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டது.

சட்கிளிஃபுக்கு வாசிக்கவே தெரியாது என்றும், அதனால் அவையோருக்கு முதுகைக் காட்டி நின்றார் என்றும் ஒரு கதை உண்டு. பின்னாளில் தாமே பேஸ் கலைஞராகப் புகழ்பெற்ற வூர்மன் அவரது வாசிப்பைப் பாராட்டியிருப்பதால், இக்கதையை அப்படியே ஏற்பதற்கில்லை.

1961இல் சட்கிளிஃப் குழுவிலிருந்து விலகி ஹாம்பர்க் கலைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கு எடுவார்டோ பாலோட்சி இவருக்கு ஆசிரியராக அமைந்தார். குழுவில் பேஸ் வாசிக்கும் பொறுப்பு பால் மெக்கார்ட்னிக்குச் சென்றது.

இறப்பு

இக்காலத்தில் கிர்ச்சர் வீட்டின் மேல்மாடத்தில் சட்கிளிஃப் இடைவிடாது வரைந்தார். உடன் கடும் தலைவலியும் தொடர்ந்தது. 1962 ஏப்ரல் 10 அன்று மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே இறந்தார். முன்பொரு முறை ஏற்பட்ட அடிதடியில் தலையில் பட்ட காயமே காரணம் எனச் சிலர் கூறினும், அது உறுதி செய்யப்படவில்லை. ஸ்டார் கிளப்பில் வாசிப்பதற்காக மறுநாள் ஹாம்பர்க் வந்திறங்கியபோதே நண்பர்கள் பலர் செய்தியறிந்தனர். பின்னர் அந்த மேல்மாட அறையில் லெனனையும் ஜார்ஜ் ஹாரிசனையும் கிர்ச்சர் எடுத்த படம், அவரது படங்களுள் மிகவும் உருக்கமானது எனலாம்.

நினைவுப்பொருட்கள்

1967இல் வெளியான சார்ஜன்ட் பெப்பர் இசைத்தட்டின் அட்டையில் இவரது உருவம் இடம்பெற்றது. 1994இல் பேக்பீட் திரைப்படம் இவரது கதையைக் கூறியது. மெக்கார்ட்னியின் வீட்டில் 1960இல் பதிவான, இவர் பேஸ் வாசித்த மூன்று பதிவுகள் 1995இல் ஆந்தாலஜி தொகுப்பில் வெளியாயின. கிர்ச்சரின் படங்கள் பல ஆண்டுகள் உரிய பணமும் பெயரும் இன்றிப் பரவின. வூர்மனுடன் இணைந்து அவர் உருவாக்கிய ஹாம்பர்க் டேஸ் நூல் 1999இல் வரையறுக்கப்பட்ட பதிப்பாக வெளிவந்தது. அவர் 2020இல் இறந்தார்.

சட்கிளிஃபின் ஓவியங்களை வாங்குவோருள், ஓவியத்துக்காக அன்றிக் குழுவின் நினைவாக வாங்குவோரும் உள்ளனர். வாக்கர் ஓவியக்கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பில் இவரது ஹாம்பர்க் கால ஓவியம் ஒன்று உள்ளது. இவர் மாணவராக ஓவியம் விற்றதும் இக்கூடத்தின் கண்காட்சியில்தான்.