ஒரே ஒரு கோடைக்காலம்

பிள்ளைகளே, உங்களில் யாருக்கு கிரிக்கெட் பிடிக்கும்? யாருக்குக் கப்பல் பிடிக்கும்? ரெண்டும் பிடிக்கும்னு சொல்றவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. இது ரெண்டிலும் கெட்டிக்காரராக இருந்த ஒருவரின் கதை.

அவர் பெயர் செசில் அபர்கிராம்பி. 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி இந்தியாவில் முசாபர்பூர் என்ற ஊரில் பிறந்தார். அது இன்று பீகார் மாநிலத்தில் இருக்கிறது. லிச்சிப் பழத்துக்குப் பேர்போன ஊர். அப்போது இந்தியாவை ஆங்கிலேயர் ஆண்டார்கள். செசிலின் குடும்பமும் பிரிட்டனைச் சேர்ந்தது. அதனால் அவர் இங்கிலாந்தில் உள்ள பள்ளியில் படித்தார். பிறந்தது ஒரு நாடு, படித்தது இன்னொரு நாடு. நம்ம வகுப்பிலும் அப்படிச் சில பேர் இருக்கீங்க, இல்லையா?

பள்ளிக்குப் பிறகு 'பிரிட்டானியா' என்ற பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். கடற்படை அதிகாரி ஆக விரும்பிய சிறுவர்கள் அங்கேதான் பயிற்சி பெற்றார்கள். 1904இல் அவருடைய கப்பல் ஆப்பிரிக்காவில் சோமாலிலாந்துக் கடற்கரைக்குப் போனது. அங்கே நடந்த சண்டையில் அவரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 18தான்.

செசில் நல்ல விளையாட்டு வீரர். ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து நாட்டுக்காக ஆறு முறை ஆடினார். கிரிக்கெட்டில் பந்தை ஓங்கி அடிப்பார். ஆனால் ஒரு சிக்கல். கப்பலில் வேலை செய்பவர் மாதக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். நடுக்கடலில் எப்படி கிரிக்கெட் ஆடுறது? அதனால் பெரிய ஆட்டங்களில் ஆட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

1913ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் அந்த வாய்ப்பு வந்தது. அவர் ஹாம்ப்ஷயர் அணியில் சேர்ந்தார். முதல் ஆட்டம் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணியுடன். அதில் 126 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்து ஊஸ்டர்ஷயர் அணிக்கு எதிராக 144 ஓட்டங்கள். அப்புறம் லேட்டன் என்ற இடத்தில் எசெக்ஸ் அணியுடன் ஓர் ஆட்டம். ஹாம்ப்ஷயர் அணியில் ஆறு பேர் ஆட்டம் இழந்துவிட்டார்கள். செசிலும் ஜார்ஜ் பிரவுன் என்ற வீரரும் சேர்ந்து நின்று ஆடினார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து 325 ஓட்டங்கள் குவித்தார்கள்! அதில் செசில் மொத்தம் 165 எடுத்தார்.

அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயருக்காக அவர் எடுத்த ஓட்டங்கள் 936. பிறகு கோடை முடிந்தது. அவர் கப்பலுக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு, 1914இல், முதல் உலகப் போர் தொடங்கியது. செசில் 'டிஃபென்ஸ்' என்ற போர்க்கப்பலில் லெப்டினன்ட் ஆக இருந்தார். 1916 மே 31ஆம் தேதி, டென்மார்க் நாட்டுக்கு அருகே, ஜட்லாண்ட் கடற்போர் நடந்தது. பிரிட்டனின் கப்பல்களும் ஜெர்மனியின் கப்பல்களும் மோதின. மாலை நேரம். கடல் மேல் ஒரே புகையும் மூட்டமும். 'டிஃபென்ஸ்' ஒரு ஜெர்மானியக் கப்பலைத் தாக்கப் போனபோது, எதிரியின் பெரிய கப்பல்களுக்கு மிக அருகில் வந்துவிட்டது. குண்டுகள் பாய்ந்தன. கப்பலுக்குள் இருந்த வெடிமருந்து வெடித்தது. கப்பலில் சுமார் 900 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. செசிலுக்கு அப்போது வயது 30.

அந்தப் போரில் இரண்டு பக்கமும் சேர்த்து 8,500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. பிடித்த விளையாட்டோ பாட்டோ ஏதாவது ஒன்று இருந்திருக்கும். செசில் எடுத்த ஓட்டங்களை மட்டும் யாரோ எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்று நாம் அவரைப் பற்றிப் படிக்கிறோம்.

2001இல் முக்குளிப்பவர்கள் 'டிஃபென்ஸ்' கப்பலைக் கடலின் அடியில் கண்டுபிடித்தார்கள். அது கவிழாமல், நேராக நின்றுகொண்டிருந்தது.

புதிய சொற்கள்
கடற்படை – கடலில் நாட்டைக் காக்கும் படை
பேர்போன – புகழ்பெற்ற
குவித்தார்கள் – நிறையச் சேர்த்தார்கள்
முக்குளிப்பவர் – நீருக்குள் மூழ்கித் தேடுபவர்

பேசுவோம், எழுதுவோம்
1. செசில் ஏன் அதிகம் கிரிக்கெட் ஆட முடியவில்லை?
2. இந்தக் கதைக்கு 'ஒரே ஒரு கோடைக்காலம்' என்று ஏன் பெயர் வைத்தோம்?
3. உங்க தாத்தா பாட்டிக்குச் சின்ன வயசுல என்ன விளையாட்டு பிடிக்கும்? கேட்டு, ஐந்து வரி எழுதிட்டு வாங்க.