கீரை தந்த மருந்து – டாக்டர் சுப்பாராவ்



நாக்கு சிவந்து புண்ணாகும். காரம் பட்டால் உயிர் போகும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் குறைந்து ஆள் எலும்பும் தோலுமாகி விடுவார். இந்த நோயின் பெயர் ஸ்புரூ. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டில் பல பேரை இது கொண்டு போனது. இதற்கு மருந்து செய்து கொடுத்தவர் சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் வரலாற்றைப் பார்ப்போமா?

1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திராவில் உள்ளது. அப்போது சென்னை மாகாணம். சின்ன வயசில் அவருக்குப் படிப்பே பிடிக்காது. காசிக்குப் போய் யாத்திரைக்காரர்களிடம் வாழைப்பழம் விற்றால் பணக்காரர் ஆகிடலாம்னு வீட்டை விட்டு ஓடினார். பிடித்து வந்து மறுபடி பள்ளியில் சேர்த்தார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறைதான் பாஸ் ஆனார்!

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் சொற்படி கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைக்கும் கதரிலேயே போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஆனா அதைவிடப் பெரிய துக்கம் வீட்டில் நடந்தது. அண்ணன் புருஷோத்தமை ஸ்புரூ பலி கொண்டது. சுப்பாராவையும் அந்த நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதி அவரைக் காப்பாற்றினார்.

மேலே படிக்க அமெரிக்கா போனார். கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரத்தைக் கழுவும் வேலை! பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. நம் தசைகளுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற பொருளைக் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர்.

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அடுத்த வருஷம் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் நான்கு டன் பசலைக் கீரையைக் கசக்கிப் பிழிந்து ஒரு புதிய சத்தைப் பிரித்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம். லத்தீன் மொழியில் ஃபோலியம் என்றால் இலை. ஆனா வண்டி வண்டியாகக் கீரை போட்டாலும் துளிதான் கிடைத்தது. அதை வைத்து எத்தனை நோயாளிகளுக்குக் கொடுக்க முடியும்? சுப்பாராவின் குழு விடாமல் பாடுபட்டு 1945-ல் அதை ஆய்வகத்திலேயே செய்து விட்டது. ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஊறியது. அண்ணனைக் கொன்ற நோயைத் தம்பி ஜெயித்து விட்டார்!

யானைக்கால் நோய்க்கும் ரத்தப் புற்றுநோய்க்கும்கூட அவர் குழு மருந்து தந்தது. 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்து போனார். வயது 53. மனைவி சேஷகிரியை விட்டுக் கடல் கடந்தவர், கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நம்ம ஊர்ப் பாட்டிகள் வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சமைத்துத் தருவார்கள். சத்துக் குறைவால் வரும் புண்ணுக்குக் கீரை நல்லதுதான். கீரையில் நைட்ரேட் என்ற உப்பும் உண்டு. நாக்கில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை மாற்றிக் கொடுக்க, ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் குறைய உதவுகிறது. மிட்டாய் தின்றாலோ கெட்ட பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்கிப் பல்லை அரிக்கும். யாருக்கு நாம் தீனி போடணும்?

கீரையை ரொம்ப நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஃபோலிக் அமிலமும் சாக்கடைக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீல மாத்திரையில் இரும்புச் சத்தோடு இருப்பதும் இதே ஃபோலிக் அமிலம்தான். சில பேர் அதை வாங்கி ஜன்னல் வழியா வீசிடுறாங்க. நான்கு டன் கீரையில் துளி கிடைத்த பொருள் தோழிகளே அது! மதியம் சாப்பிட்டதும் விழுங்கிடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி