ஒரே ஒரு கேமரா

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலை முழுவதும் ஒளியூட்டப்பட்டிருக்கும். தேக்கா சந்தையிலிருந்து வீரமாகாளியம்மன் ஆலயம் வரை நடப்பவர்களில் பலர் கையில் கேமராவுடன் நிற்பதைக் காணலாம். அலங்கார வளைவைப் படமெடுப்பவர் ஒருவர். கேம்பல் லேனில் பூத்தொடுப்பவரின் விரல்களைப் படமெடுப்பவர் இன்னொருவர். படம் எடுத்து முடிந்ததும் அவர்களிடையே ஒரு விவாதம் தொடங்கிவிடும். எந்த நிறுவனத்தின் கேமரா சிறந்தது? எந்த வில்லையை வாங்கலாம்? விலை கூடிய கருவி இருந்தால்தான் நல்ல படம் கிடைக்குமா? நார்த் பிரிட்ஜ் சாலையில் உள்ள கேமராக் கடைகளுக்குச் சென்றால் இதே விவாதத்தை இன்னும் உரக்கக் கேட்கலாம்.

இவ்வாறு விவாதிப்போர் அடிக்கடி உதாரணம் காட்டும் பெயர்களுள் ஒன்று ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோன். வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் கேமராவையே பயன்படுத்தியவர் அவர். அதனால், அந்த நிறுவனத்தின் கருவிதான் உலகிலேயே சிறந்தது என்பதற்கு அவரையே சான்றாகக் காட்டுகிறார்கள். அவருடைய வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அது வேறொன்றைச் சொல்கிறது.

பிரெஸ்ஸோன் 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள ஷாந்தலூ என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் தையல் நூல் தயாரிக்கும் பெரிய தொழிலை நடத்திவந்தனர். மகனும் அத்தொழிலுக்கு வரவேண்டும் என்று தந்தை எதிர்பார்த்தார். ஆனால், மகனின் மனம் ஓவியத்தில் இருந்தது. ஆந்த்ரே லோத் என்னும் ஓவியரிடம் அவர் பாடம் கற்றார். ஒரு சட்டத்திற்குள் கோடுகளும் வடிவங்களும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். சிறுவயதில் அவரிடம் பெட்டி வடிவிலான பிரவுனி கேமரா ஒன்று இருந்தது. விடுமுறையில் படமெடுப்பதற்கு மட்டுமே அது பயன்பட்டது.

இருபத்து மூன்றாம் வயதில் அவர் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் பகுதிக்குச் சென்றார். அங்கே கடுமையான காய்ச்சல் கண்டு, உயிர் பிழைப்பதே அரிது என்ற நிலைக்கு ஆளாகித் தாயகம் திரும்பினார். உடல் தேறிவந்த காலத்தில் ஒரு நிழற்படம் அவர் கண்ணில் பட்டது. டாங்கனிக்கா ஏரியின் அலைகளை நோக்கி மூன்று சிறுவர்கள் ஓடும் காட்சி அது. மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரியக் கலைஞர் அதை எடுத்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கையை ஒரே நொடியில் நிறுத்திவைக்க முடியும் என்பதை அந்தப் படம் அவருக்கு உணர்த்தியது. தூரிகையால் செய்ய இயலாததைக் கேமராவால் செய்யலாம் என்று அவர் முடிவு செய்தார்.

1932ஆம் ஆண்டு மார்சேய் நகரில் அவர் ஒரு லைக்கா கேமராவை வாங்கினார். அந்தக் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அக்காலத்துக் கேமராக்கள் பருமனானவை. பலவற்றைத் தாங்கியில் நிறுத்தித்தான் இயக்க முடியும். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நுண்நோக்கி தயாரித்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியாளர் பணிபுரிந்தார். ஆஸ்துமா நோயால் அவதிப்பட்ட அவரால் கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. எனவே, திரைப்படங்களுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் படச்சுருளைக் கொண்டு இயங்கும் சிறிய கேமரா ஒன்றை அவர் உருவாக்கினார். 1925இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பிரெஸ்ஸோனுக்கு வேண்டியது இதுதான். அவர் எவரையும் நிற்கவைத்துப் படமெடுக்க விரும்பவில்லை. தெருவில் நடப்பவர் தம்மைக் கவனிக்காத நேரத்தில், இயல்பாக இருப்பதையே எடுக்க விரும்பினார். அதனால் கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்தார். மின்னல் விளக்கைத் தவிர்த்தார். மனிதக் கண்ணின் பார்வைக்கு நெருக்கமானது என்று அவர் கருதிய 50 மில்லிமீட்டர் வில்லையைக் கொண்டே பெரும்பாலான படங்களை எடுத்தார். புதிய வில்லைகள் வந்துகொண்டே இருந்தபோதும், அவற்றைத் தேடி அவர் அலையவில்லை. ஒரே தூரம், ஒரே கோணம் என்று பழகிவிட்டதால், கேமராவைக் கண்ணருகே கொண்டுசெல்வதற்கு முன்பே படத்திற்குள் எது வரும், எது வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டில் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்திற்குப் பின்புறம் அவர் எடுத்த படம் இன்று உலகப் புகழ் பெற்றது. தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரின் குதிகால் நீரைத் தொடுவதற்குச் சற்று முந்திய கணம் அதில் பதிவாகியுள்ளது. வேலியின் இடுக்கு வழியாக அதை எடுத்ததால், படத்தின் ஓரத்தை வெட்டவேண்டியிருந்தது. பிற்காலத்தில் தம் படங்களை யாரும் வெட்டக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தவர் அவர். ஆயினும், அவருடைய புகழ்பெற்ற படமே வெட்டப்பட்ட ஒன்றுதான். தாம் வகுத்த விதிக்கு விலக்காக அமைந்தாலும், அந்தப் படத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரெஸ்ஸோன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். அதற்கு முன் தம் லைக்காவை வோஜ் மலைப்பகுதியில் ஒரு பண்ணை நிலத்தில் புதைத்துவைத்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் சிறைமுகாமில் கடுமையான உடலுழைப்பில் ஈடுபடுத்தப்பட்டார். இருமுறை தப்ப முயன்று பிடிபட்டார். 1943இல் மூன்றாம் முறை தப்பித்தார். பிறகு, புதைத்த இடத்திற்குச் சென்று கேமராவைத் தோண்டி எடுத்து மீண்டும் பணியைத் தொடங்கினார். அவர் போரில் இறந்துவிட்டதாகக் கருதி, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கு ஒரு நினைவுக் கண்காட்சியைத் திட்டமிட்டிருந்தது. 1947இல் அக்கண்காட்சி நடைபெற்றபோது அவர் உயிருடன் இருந்தார். அதே ஆண்டில் ராபர்ட் கேப்பா முதலிய நண்பர்களுடன் சேர்ந்து மேக்னம் என்னும் நிழற்படக்கலைஞர் கூட்டுறவு அமைப்பை நிறுவினார்.

அவ்வாண்டில் விடுதலை பெற்ற இந்தியாவுக்கு அவர் தம் மனைவி ரத்னா மோகினியுடன் பயணம் மேற்கொண்டார். ரத்னா மோகினி ஜாவாவில் பிறந்த நடனக்கலைஞர். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி பிற்பகலில் டெல்லி பிர்லா மாளிகையில் பிரெஸ்ஸோன் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். நியூயார்க் கண்காட்சியின் நூலை அவரிடம் காட்டினார். காந்தியடிகள் அதன் பக்கங்களை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். பிரெஸ்ஸோன் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் காந்தியடிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

செய்தியறிந்து அவர் மீண்டும் பிர்லா மாளிகைக்கு விரைந்தார். அன்றிரவு வாயிற்கதவின்மீது ஏறிநின்று, திரண்டிருந்த மக்களுக்கு நேரு அந்தத் துயரச் செய்தியை அறிவித்தார். விளக்கின் வெளிச்சம் மட்டுமே இருந்தது. பிரெஸ்ஸோன் மின்னல் விளக்கைப் பயன்படுத்தவில்லை. படம் தெளிவாக வரவில்லை. உருவங்கள் மங்கலாகவும் கலங்கலாகவும் தெரிகின்றன. கருவியின் தரத்தை மட்டும் கொண்டு மதிப்பெண் இட்டால், அந்தப் படம் தேர்ச்சி பெறாது. ஆனால், ஒரு நாட்டின் துக்கத்தை அந்த இருளும் கலக்கமுமே காட்டுகின்றன. இறுதி ஊர்வலத்தையும் தகனத்தையும் அவர் எடுத்த படங்களை லைஃப் இதழ் வெளியிட்டு உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

அப்படியானால் மின்னல் விளக்கே தவறானதா? அவ்வாறு கூற முடியாது. காந்தியடிகள் இராட்டைக்கு அருகில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற படத்தை 1946இல் எடுத்தவர் மார்கரெட் பர்க் ஒயிட். அவர் மின்னல் விளக்கைப் பயன்படுத்தினார். அன்று அவருடைய கருவி அடுத்தடுத்துத் தகராறு செய்தது. அவர் பொறுமையுடன் மீண்டும் முயன்று வெற்றி கண்டார். ஒரே மனிதரை இரு கலைஞர்கள் இரு வழிகளில் படமெடுத்தனர். தாம் எதைக் காட்ட விரும்புகிறோம் என்பதை அறிந்தே இருவரும் தத்தம் கருவியைத் தேர்ந்தெடுத்தனர்.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரெஸ்ஸோன் தமிழகத்தின் திருவண்ணாமலையில் இருந்தார். நோயுற்றிருந்த ரமண மகரிஷியைப் படமெடுத்தார். ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8.47 மணிக்கு மகரிஷி மறைந்தார். அதே நேரத்தில் ஓர் ஒளி வானில் மெல்ல நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைந்ததைத் தாம் கண்டதாகப் பிரெஸ்ஸோன் பதிவு செய்துள்ளார்.

1952இல் வெளிவந்த அவரது நூல் அவருக்குப் பெரும்புகழைத் தேடித் தந்தது. அதன் அட்டையை ஓவியர் மட்டீஸ் வடிவமைத்தார். தீர்மானமான கணம் என்னும் கருத்து அந்நூலின் வழியாகவே உலகம் முழுவதும் பரவியது. புகழ் வளர வளர, இளைஞர்கள் பலர் அவருடைய கேமராவைப் பற்றி ஆராயத் தொடங்கினர். அவர் வைத்திருந்த அதே கருவி, அதே வில்லை தங்களிடமும் இருந்தால் அவரைப்போல் படமெடுக்கலாம் என்று நம்பினர். அவரோ கேமராவை ஓவியரின் குறிப்பேட்டைப் போன்ற ஒன்றாகவே கருதினார். படச்சுருளைக் கழுவி அச்சிடும் வேலையைக்கூடத் திறமையான பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, தெருவில் காத்திருப்பதற்கே தம் நேரத்தைச் செலவிட்டார்.

1970களில் அவர் எவரும் எதிர்பாராத முடிவை எடுத்தார். நிழற்படக்கலையிலிருந்து பெரும்பாலும் விலகி, இளமையில் விட்டுவந்த ஓவியத்திற்கே திரும்பினார். உலகமே போற்றிய அவரது லைக்கா, வீட்டில் பெட்டகத்திற்குள் இருந்தது. எப்போதாவதுதான் அதை வெளியில் எடுத்தார். கையில் பென்சிலும் தாளுமாக அருங்காட்சியகங்களில் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார். 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, தம் 95ஆம் வயதில் அவர் காலமானார்.

இன்று லைக்காவின் விலை பல ஆயிரம் வெள்ளி. பிரெஸ்ஸோனைப் பின்பற்ற விரும்புவோர் அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. சிராங்கூன் சாலையில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் பொறுமையாக நின்று, கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு படத்திற்காகக் காத்திருந்தாலும் போதும். அவர் நாள்தோறும் செய்த வேலை அதுதான்.